புற்றைச் சுற்றி ஓடிய டிராக்டர்

மலாயாவின் பத்து காவான் ரப்பர் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டத் தெரிந்தவர்களுள் எஞ்சியிருந்தவன் ராமசாமி ஒருவனே. மற்றவர்களை ஜப்பானியர் சயாம் ரயில்பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிச் சென்றுவிட்டனர். 1943ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை அவர்களுள் எவரும் திரும்பவில்லை. அந்தச் சிறிய டிராக்டர்தான் தன்னைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பதை ராமசாமி அறிவான். வேலையில் ஒரு குற்றம் கண்டால் போதும், அடுத்த லாரி அவனுக்கு.

ரப்பர் மரங்களுக்கு அப்பாலிருந்த மேட்டைச் சுரண்டி, படகுத்துறைப் பாதையின் சதுப்புப் பள்ளத்தைத் தூர்க்க வேண்டும். பின்னால் பூட்டிய இரும்பு வாரியில் மண்ணை இழுத்து வருவான். மெல்லிய படையாகப் பரப்பி, சக்கரத்தால் ஏறி மிதித்து இறுக்கிய பிறகே அடுத்த படையைப் போடுவான்.

மேட்டின் நடுவே ஒரு புற்று இருந்தது. தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிக் கும்பிட்டார்கள். பாலுக்கு வழியற்ற காலம், ஆகவே கஞ்சித் தண்ணீர் ஊற்றினார்கள். ராமசாமி ஒவ்வொரு நடையிலும் புற்றை விலகியே சுரண்டினான். அங்கேதான் பிசகிப்போனது. சுற்றுப்புறம் தாழத் தாழப் புற்று உயர்ந்தது. வெட்டவெளியில் அது ஆளுயரத் தூணாகத் தனித்து நின்றது.

சிப்பாய்களோடு லாரியில் பார்வையிட வந்த ஜப்பானிய அதிகாரியின் கண் நேரே அதில் விழுந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி விநாசித்தம்பியிடம் அவன் அரைகுறை மலாயில் இரைந்தான். கிராணி வியர்த்தபடி டிராக்டரருகே வந்தார்.

"எல்லாத்தையும் வழிச்செடுத்தனி, இதை மட்டும் ஏன்டா விட்டனி?"

"புத்துங்கய்யா. அம்மா இருக்கிற எடம்."

"அவனுக்கு அம்மாவைத் தெரியுமோ? உள்ளுக்கை துவக்கு ஒளிச்சிருக்கெண்டு நினைக்கிறான். இடிச்சுக் காட்டட்டாம். ஏதும் கிடந்தால் உன்னோடை என்னையுமெல்லோ ஏத்துவான்!"

ராமசாமி புற்றைத் திரும்பிப் பார்த்தான். யாரும் கைவைக்கத் துணியாத இடம் அது. அப்படியானால் துப்பாக்கியை ஒளித்து வைக்க அதைவிடத் தோதான இடம் வேறேது? முன்தினம் புற்றின் ஒரு பக்கத்தில் ஈரமண் புதிதாகப் பூசியிருந்ததைப் பார்த்திருந்தான். கறையான் பூசியதா, மனிதக் கை பூசியதா?

லயத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு அவன் மனைவி அஞ்சலை முன்னே வந்தாள்.

"என்னாத்துக்கு மரமாட்டம் உக்காந்திருக்கீங்க? ஓட்டுங்க."

"குத்தமாயிடும் புள்ள."

"அவ வேற எடத்துல கட்டிக்குவா. எனக்கு வேற புருசன் கெடைப்பானா? கெடைச்சாலும் ஒங்கள மாதிரி ஒரு மண்ணாங்கட்டி வேணாம்லா!"

ஒரு சிப்பாய் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான். ராமசாமி கண்ணை மூடாமல் ஓட்டினான். முன்சக்கரம் முட்டியது. புற்று உடனே விழவில்லை. இரண்டாம் முறை முட்டியதும் நடுவில் பிளந்து சரிந்தது. அதிகாரி வாளுறையால் மண்ணைக் கிளறினான். கறையான் கூடு, வெண்ணிற முட்டைகள், மஞ்சள் ஏறிய கட்டிகள். கிளறிக்கொண்டே இருந்தான்; வேறெதுவும் அகப்படவில்லை. பிறகு உறையை உதறித் துடைத்துவிட்டு, வேலையைத் தொடரும்படி பள்ளத்தைச் சுட்டிக்காட்டி நடந்தான்.

பெண்கள் கலைந்தார்கள். லாரி வெறுமனே புறப்பட்டுச் சென்றது.

"எஞ்சினை நிப்பாட்டடா, எண்ணெய் வீணாப் போகுது" என்றார் கிராணி.

ராமசாமி நிறுத்தவில்லை. நிறுத்தினால், நடுங்குவது டிராக்டர் அல்ல என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.