கையைக் காட்டியவர்களுக்கு

இன்று புறக்கோட்டையில் என் முதல் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ட்ராமுக்கு நின்றேன்.

எனக்குத் தூரப்பார்வை குறைவாம். பயஸ்கோப் வெளிச்சம் திரைக்கு முன்னாலேயே குவிந்துவிட்டால் படம் மங்குமல்லவா, அப்படித்தான் என் கண்ணுக்குள். கண்ணாடி அதைப் பின்னுக்குத் தள்ளித் திரையில் விழுத்துகிறது.

அதனால் தெருவின் அந்தக் கோடித் தொங்கலிலேயே செல்லத்துரை மாஸ்டரைக் கண்டேன். என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். அவரும் என்னைக் கண்டார். கண்டதும் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

ஓடிப்போய் மறித்தேன். அவர் சீறினார்:

"இண்டைக்குத்தான் என்னைத் தெரியுதோ? கொட்டாஞ்சேனைச் சந்தியிலை எத்தினை தரம் கையைக் காட்டினனான்! பென்சன் எடுத்ததும் உமக்குப் பெரிய எண்ணம் எண்டு எல்லாரும் கதைக்கினம்."

"ஐசே, எனக்குக் கண் தெரியேல்லை!"

"அதை முதலே சொல்லியிருக்கலாமே" என்று நடையைக் கட்டினார்.

எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது? எல்லோருக்கும் தூரம் இப்படித்தான் மங்கும் என்றிருந்தேன். பென்சன்கார வாத்தியாரை ஒருவரும் தேடமாட்டார்கள் என்றும் நினைத்திருந்தேன்.

ஆகவே இதை வாசிகசாலை அறிவித்தல் பலகையில் குத்துகிறேன். நண்பர்களே, இன்னும் ஒரு தரம் கையைக் காட்டிப் பாருங்கள். நான் திருப்பிக் காட்டாவிட்டால், பிறகு திமிர் என்றே சொல்லுங்கள்.