பூதத்தான் பாக்கி வைத்த சொட்டு

பூதத்தான் ஒரு சொட்டு இரத்தம் பாக்கி வைத்திருக்கிறான். அதை வாங்கிக்கொள்ள, தாராவி கிளினிக்கில் காலையிலிருந்து கண்ணாடித் துண்டைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் சவரியம்மாள். உள்ளே வருகிறவர்களின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. கண் நேரே விரலுக்குத்தான் போகும். முகம் மறந்துவிடுமாம், விரல் மறக்காதாம்.

மலேரியா மருந்து எந்த ஊரில் வேலை செய்கிறது, எங்கே தோற்க ஆரம்பித்திருக்கிறது என்று கண்டு சொல்கிற நிபுணர் அவர். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து, இதே தாராவியில் தலையில் இட்லிப் பாத்திரம் சுமந்து விற்றவரின் மகள். வெள்ளைக்காரர்கள் நிறைந்த மண்டபத்தில் எழுந்து பேசிவிட்டு வந்தவர். சும்மா கிடைத்த பேரா அது? தாராவியில் பிறந்து முட்டிமோதி மேலே வந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கும் புரிகிற மாதிரி சொன்னால் அவர் வேலை இதுதான். மாத்திரை தின்றால் காய்ச்சல் விட்டுவிடும். கிருமி முழுசாகச் செத்ததா, பதுங்கிக் கிடக்கிறதா என்று அதற்குப் பிறகும் ஒரு மாதம்போல விரலைக் குத்திக் குத்திப் பார்க்க வேண்டும். மற்ற டாக்டர்களுக்கு நோயாளி வேண்டும். இவருக்குக் குணமானவன் வேண்டும். குணமானவன் எவன் டாக்டரைத் தேடி வருவான்? சந்தில் எதிரே இவரைக் கண்டால் பாதிப் பேர் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்துவிடுகிறார்கள். அவர் குடியிருக்கிற செம்பூர் வீட்டிலும் அதே கதைதான். உள்ளே விட்டால் கொசு முட்டையிடும் என்று பால்கனித் தொட்டிகளைக் கவிழ்க்கச் சொல்வார் என்று பயந்து எதிர்வீட்டுக்காரி கதவைத் திறப்பதில்லை. கழுவிக் கவிழ்க்க இவருக்கு ஒரே ஒரு தட்டு.

பூதத்தான் பெல்ட் பட்டறையில் வேலை செய்கிறவன். மருந்து தொடங்கி மூன்றாம் நாளும் அவன் இரத்தத்தில் கிருமி இருந்தது, பிறகுதான் மறைந்தது. கடைசிச் சொட்டைப் பார்க்காமல் மருந்து ஜெயித்ததா தோற்றதா என்று சொல்ல முடியாது. அவன் மறுபடி காய்ச்சலில் விழுவானா என்பதும் அந்தச் சொட்டில்தான் இருக்கிறது.

மத்தியானம் ஒருவன் வந்து, பேர் பூதத்தான் என்று சொல்லி விரலை நீட்டினான். சவரியம்மாள் ஊசியை எடுக்கவில்லை.

"பூதத்தான் வெரல்ல கத்தி வெட்டுன தழும்புல்லா கெடக்கும். நீ யாருடே?"

அவன் கையை இழுத்துக்கொண்டான். அதே பட்டறையில் வேலை செய்கிற மாரிக்கண்ணன் அவன்.

"அண்ணனுக்கு ஆர்டர் தலைக்குமேல கெடக்கு டாக்டரம்மா. ஒரு சொட்டு ரத்தந்தான, யாரு குடுத்தா என்னன்னு நான் வந்துட்டேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாரிக்கண்ணன் மிரண்டு நின்றான், சேர்ந்து சிரிக்க வேறு ஆளில்லை. ஊசி டப்பாவை எடுத்துக்கொண்டு மாரிக்கண்ணன் பின்னாலேயே பட்டறைக்கு நடந்தார்.

பூதத்தான் தலை நிமிரவில்லை. குத்தின விரலில் பெல்ட் ஒட்டுகிற பசை பட்டால் எரிகிறது, வேலை கெடுகிறது, கூலியும் போகிறது என்று தையல் மெஷினிடமே சொல்லிக்கொண்டிருந்தான்.

"காய்ச்சல்தான் போயிட்டுல்லா. பெறவு என்னத்துக்கு எம் பொறத்தாலயே வாரிய?"

சவரியம்மாள் எப்போதும் மருந்து, கிருமி என்று விளக்குவார். அன்று விளக்கவில்லை.

"நல்லாயிட்டவன் ஒருத்தனையாச்சும் நான் பாக்காண்டாமா?"

மெஷின் நின்றது. பூதத்தான் இரண்டு கையையும் துணியில் அழுத்தித் துடைத்தான். இடது உள்ளங்கையை விரித்து அவர் முன்னால் நீட்டினான். பசை படாத விரலாகப் பார்த்துக் குத்துங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

அவர் குத்தினார், சொட்டைக் கண்ணாடியில் வாங்கினார், பஞ்சை வைத்து அழுத்தினார். கண்ணாடியில் இரத்தம் காய்ந்தது. பஞ்சுக்கு அடியிலும் எப்போதோ நின்றுவிட்டது. உறை மாட்டிய சவரியம்மாளின் கை அந்த விரலை இன்னும் விடவில்லை.