அழகையா ஏற்றும் பெட்டிகள்

பெட்டியைத் தூக்கியதும் அழகையா அதை வண்டியில் வைத்துவிடுவதில்லை. காதோடு சேர்த்து மெல்லச் சாய்த்துப் பார்ப்பார். பிறகு அடிப்பக்கத்தைப் புறங்கையால் தடவுவார். உள்ளங்கை கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போனது. அதில் ஈரம் தெரியாது. புறங்கையில் ஈரம் படாவிட்டால்தான் பெட்டி பைக்கில் ஏறும்.

வியாழக்கிழமைகளில் பதுளை ஆஸ்பத்திரி மதிலோரம் இது நடக்கும். ஐம்பதைத் தாண்டிய மெலிந்த மனிதர். பெரகலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறார், முற்றிய செடிகளின் கிளைகளைக் கழித்துவிடும் வேலை. மனைவி ஜீவராணிக்குச் சிறுநீரகங்கள் கைவிட்டுவிட்டன. வயிற்றில் ஒரு குழாய் பதித்திருக்கிறார்கள். அதன் வழியே ஒரு பை மருந்துநீரை உள்ளே விட வேண்டும். அது உடம்பின் கழிவை உறிஞ்சியதும் வடித்து எடுத்துவிட்டு அடுத்த பையை விட வேண்டும். அதில் ஒருநாள் தவறினாலும் கால் வீங்கும், மூச்சு வாங்கும். அந்தப் பைகள்தான் பெட்டிக்குள் இருக்கின்றன. வாரத்துக்கு நாலு பெட்டி.

பஸ்ஸில் கொண்டு போகலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருக்கிறார். "கண்டக்டர் தம்பி பொட்டி மேல காலப் போட்டுக்கிட்டு டிக்கெட் வெட்டுவாருங்க. ஒரு தடவ ஒரு அம்மா அது மேலயே குந்திட்டாங்க. எந்திரிங்கம்மான்னா, நானும் காசு குடுத்துத்தான் ஏறுனேன்ங்கிறாங்க."

ஆரம்பத்தில் அவருக்கும் கட்டத் தெரியாது. புல்லுக்கட்டுக் கட்டுவது போலக் கட்டினார். முழங்காலைக் கொடுத்து அமுக்கி, நைலான் கயிற்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து முடிந்தார். மாட்டுக்குப் புல் சுமந்த கைக்கு அதுதான் பழக்கம். இறுக்கம்தான் பத்திரம் என்று நம்பினார். பெட்டி விழவில்லை. ஆனால் கயிறு அட்டையின் மூலையை அறுத்து உள்ளே இறங்கியிருந்தது. கரியரின் ஆணி ஒன்று கீழேயிருந்து வழியெல்லாம் உரசி வந்திருந்தது. ஒரு பையில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை. கண்ணுக்குத் தெரியாத அந்த ஓட்டை வழியே கிருமி போய், ஜீவராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். வடிந்து வந்த நீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரிக் கலங்கியிருந்தது. மூன்று வாரம் வார்டில் கிடந்தாள்.

வார்டுத் தாதி சரோஜாதேவி யாழ்ப்பாணத்துப் பெண். சுற்றி வளைக்காமல் பேசுபவர். "இஞ்ச பாருங்கோ அழகையா, இன்னொருக்காக் கிருமி ஏறினால் குழாயைக் கழட்டத்தான் வேணும். பிறகு கிழமைக்கு மூண்டு தரம் இஞ்ச வந்து மிசினிலை படுக்கோணும். உங்கட தோட்டத்திலையிருந்து அது ஏலுமே?"

ஏலாது. அது அவருக்கும் தெரியும், தாதிக்கும் தெரியும். தோட்டத்திலிருந்து ஒரு நடை வந்து போனாலே ஜீவராணி இரண்டு நாள் எழும்பமாட்டாள்.

"காயத்துக்குக் கட்டுப் போடுற மாதிரிக் கட்டுங்கோ. ஒரு விரல் உள்ளுக்குப் போகோணும்" என்றார் தாதி.

அதற்குப் பிறகு கயிறு போய்விட்டது. பெரகலைச் சந்தியில் பஞ்சர் கடையும் ஓர் ஆட்டோவும் வைத்திருக்கும் மபாஸ், பழைய டியூப்பை நீள நீளமாக வெட்டிக் கொடுத்தான். கரியரில் ஒரு பலகை, அதன் மேல் நாலாக மடித்த சாக்கு. இரண்டு பெட்டி சீட்டில், முதுகோடு ஒட்டி. மற்ற இரண்டும் அதற்குப் பின்னால் பலகையில். மேலே அடுக்குவதில்லை, பாரம் உயர்ந்தால் வளைவில் வண்டி தன் இஷ்டத்துக்குச் சாயும். பொலித்தீனைச் சுற்றிய பிறகுதான் டியூப். நீளவாக்கில் இரண்டு, குறுக்கே இரண்டு. மிஞ்சிய நுனிகளைச் செயினில் போகாதபடி மடித்துச் சொருகிவிடுவார். கடைசியாக ஒவ்வொரு கட்டுக்குள்ளும் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்ப்பார். பாரம் ஓட ஓடத்தான் அமரும் என்பதால் ஹாலிஎலையில் ஒரு தடவை, பண்டாரவளையில் ஒரு தடவை, ஹப்புத்தளை மூடுபனிக்குள் ஒரு தடவை நிறுத்தி மறுபடி விரல் விடுவார்.

"பொண்டாட்டியக் கூட இவ்வளவு பத்திரமா ஏத்தியிருக்க மாட்டீங்கண்ணே" என்பான் மபாஸ்.

"அவள ஏத்துனா வாயும் சேந்துல்ல ஏறும். இது பேசாம வரும்டா."

தோட்டத்தில் ஒருவனிடம் பைக் இருந்தால் அதில் எல்லோருக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு. போகும்போது சாமான் சொல்வார்கள், வரும்போது வழியில் கைகாட்டி ஏறிக்கொள்வார்கள். அழகையா இரண்டையும் நிறுத்திவிட்டார். கருவாட்டுப் பொட்டலம்கூட வாங்கி வரமாட்டார். "எடமில்லம்மா" என்பதற்கு மேல் விளக்கமும் சொல்லமாட்டார். கொழுந்து எடுக்கும் பெண்கள் சிரித்துக்கொண்டார்கள். "அவருகிட்டக் கேக்காதீங்கடி. அவரு பொண்டாட்டி தண்ணி மட்டுந்தான் தூக்குவாரு." அந்தச் சிரிப்பில் அப்போது கசப்பில்லை. பெண்களில் பாக்கியலெட்சுமி தினமும் மலையூற்றுப் பீலியில் பிடித்த ஒரு குடம் தண்ணீரை ஜீவராணி வாசலில் கொண்டுவந்து வைத்து, உள்ளே தலையை நீட்டி இரண்டு வார்த்தை வம்பளந்துவிட்டுத்தான் போவாள்.

போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. பெரகலையிலிருந்து தோட்டத்துக்குக் கல்லுப் பாதையில் இறங்கி வந்துகொண்டிருந்தார். தூறல். பாதி வழியில் பெண்கள் கூட்டமாகப் பாதையை மறித்து நின்றார்கள். கொழுந்து எடுக்கையில் குளவிக்கூடு கலைந்துவிட்டது. எல்லோருக்கும் கொட்டியிருந்தது. விஜயலெட்சுமிக்குத்தான் அதிகம். இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு ஒன்றை விரித்து அவளைக் கிடத்தியிருந்தார்கள். முகமெல்லாம் சுண்ணாம்பு அப்பியிருந்தது. சுண்ணாம்பு மூச்சுக்கு உதவாது. உதடு வீங்கி, இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

தோட்டத்து லொறி கொழுந்தோடு போயிருந்தது. அந்த இடத்தில் போனுக்கு சிக்னல் கிடையாது. குறுக்கு வழியில் பெரகலைக்கு ஓடிய பையன் இன்னும் போய்ச் சேர்ந்திருக்கமாட்டான்.

"அண்ணே, எறக்குங்க பொட்டிய!" என்று பாக்கியலெட்சுமி ஹேண்டிலைப் பிடித்தாள். "இவளத் தூக்கி வைங்க. பின்னால நான் புடிச்சுக்கிறேன்."

அழகையா இறங்கினார். ஒரு கையை டியூப்பில் வைத்தார். அவிழ்த்தால் பெட்டிகளை ஈரக் கல்லில்தான் வைக்க வேண்டும். நனைந்த அட்டை பிய்யும். தடவிப் பார்க்கவும் எடுத்து வைக்கவும் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. கையை எடுத்துவிட்டார்.

"மேல போயி மபாஸ அனுப்புறேன்" என்றார். "ஆட்டோவுல சாச்சுக் கொண்டு போவலாம். இதுல தாங்காது."

"அண்ணே!"

"அனுப்புறேன் தங்கச்சி. வழிய விடு."

வண்டியைத் திருப்பிக்கொண்டு ஏறினார். பெண்கள் கீழே நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மலைப் பாதையில் பைக் சத்தம் நெடுநேரம் கேட்கும். வளைவுக்கு வளைவு ஒரே சீராக, ஏறாமல் இறங்காமல் கேட்டது. பள்ளம் வந்த இடங்களில் மட்டும் தணிந்து, ஒதுங்கி, மெதுவாகக் கடந்து போனது.

மபாஸ் பறந்துதான் வந்தான். அவளை ஏற்றிக்கொண்டு பறந்துதான் போனான். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது விஜயலெட்சுமிக்கு மூச்சில்லை. குறுக்கு வழியில் ஓடிய பையனை அழகையா எங்கே முந்தினார், பைக் வேகமாகப் போயிருந்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகியிருக்கும் என்று பிறகு லயத்து வீடுகளில் பலவாறு பேசினார்கள். அவள் பிழைத்திருப்பாளா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அழகையா அந்தக் கேள்வியை எவரிடமும் கேட்கவில்லை.

சாவு வீட்டுக்குப் போனார். குழி வெட்டவும் நின்றார். மண்வெட்டியை யாரும் அவர் கையிலிருந்து வாங்கவில்லை. அவரோடு யாரும் பேசவும் இல்லை. விஜயலெட்சுமியின் புருஷன் கதிரேசன் அவரைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

பாக்கியலெட்சுமி தண்ணீரை நிறுத்தவில்லை. ஆனால் குடத்தை வாசலில் வைத்துவிட்டுத் தலையை நீட்டாமல் போனாள். நாலைந்து நாள் கழித்து ஜீவராணியே சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, "ஏன் புள்ள, பேசமாட்டியா?" என்று கேட்டாள்.

"உங்கிட்ட எனக்கு என்னா கோவம்?" என்றாள் பாக்கியலெட்சுமி. "எறக்கல, சரி. அது அவரு மனசு. ஆனா அந்த மேட்டுல ரெண்டாவது கியர மாத்தவே இல்லக்கா. நாங்க அத்தன பேரும் கேட்டுக்கிட்டு நின்னோம். பொட்டி குலுங்கிரக் கூடாதுல்ல."

உள்ளே, அடுப்படிப் பக்கம், அழகையாவுக்கு அது கேட்டது. ஜீவராணி திரும்பி வந்து படுக்கையில் உட்கார்ந்தாள். மத்தியானப் பை மாற்றும் நேரம். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள், முகத்துணியைக் கட்டிக்கொண்டாள். குளவி கொட்டிய அன்றைக்கு வந்த பெட்டிகளில் கடைசிதான் திறந்திருந்தது. பையை எடுத்து இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தாள். ஒரு சொட்டுக் கசிவில்லை.

"நீ ஒண்ணும் கேக்கலையே" என்றார் அழகையா.

"நான் என்னாத்தக் கேக்குறது? என் வயித்துக்குள்ளதான போவுது." குழாயின் மூடியைத் திருகினாள். "கதவச் சாத்துங்க. தூசி வருது."

அடுத்த வியாழன் அவர் இரண்டு பெட்டிதான் ஏற்றினார். இரண்டையும் பின்பலகையில் கட்டினார். சீட் காலியாக இருந்தது. மீதி இரண்டுக்காகச் சனிக்கிழமை மறுபடியும் பதுளைக்குப் போனார். சனிக்கிழமை வேலையும் போனதால், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவர் பேர் விழுந்த நாட்கள் அரை மாதத்திலேயே குறைந்தன. பாரம் முழுவதும் பின்னால் போனதால் மேட்டில் முன்சக்கரம் லேசாகி, ஹேண்டில் நடுங்கியது. ஹப்புத்தளை வளைவு ஒன்றில் விழப் பார்த்தார்.

"அண்ணே, இது சரியில்ல. முன்னமாதிரி சீட்டுலயே வைங்க" என்றான் மபாஸ். இப்போது அவன் கேலி பேசுவதில்லை.

"இருக்கட்டும்."

ஜீவராணி வெளிப்படையாகவே கேட்டாள். "யாரு வந்து ஏறப்போறாங்கன்னு எடம் விட்டு வச்சிருக்கீங்க? நீங்க விழுந்தா என்னைய யாரு பாக்குறது?"

கொழுந்து மலையிலிருந்து இறங்கும் பெண்களைக் கண்டால் வண்டியை நிறுத்துவார். "ஏறுறீங்களா தங்கச்சி?" என்பார். "நாங்க நடந்துக்குறோம்" என்று தேயிலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இடுப்பு வலிக்காரிகள்கூட ஏறியதில்லை.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், நல்ல மழை. பெட்டிகளோடு இறங்கி வந்தவர், கதிரேசனைக் கண்டார். பெரகலையில் பஸ்ஸிலிருந்து இறங்கிய கதிரேசன் தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, தோளில் மாவு மூட்டையோடு நடந்துகொண்டிருந்தார். மழைத் தண்ணீர் பாதையில் ஓடியது. லயத்துக்கு இன்னும் பாதி வழி கிடந்தது.

அழகையா பக்கத்தில் போய் நிறுத்தினார். குனிந்து, பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் மிதியைக் கையால் விரித்துவிட்டார். அந்தப் பக்கம் சாய்ந்து மற்றதையும் விரித்தார். கைத்துண்டால் சீட்டைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க நனைந்தது.

"மூட்டையையாவது வைங்க" என்றார்.

கதிரேசன் நிற்கவில்லை. மூட்டையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு பாதையின் நடுவே நடந்தார்.

ஒதுங்கிக் கடந்து போக இடமிருந்தது. பெட்டிகள் நனைந்துகொண்டிருந்தன, ஜீவராணிக்குப் பை மாற்றும் நேரமும் நெருங்கியிருந்தது. அழகையா கடந்து போகவில்லை. முதல் கியரில், இரண்டு காலையும் தரையில் உரசிக்கொண்டு, ஹோர்ன் அடிக்காமல், அந்த முதுகுக்குப் பின்னாலேயே லயம் வரைக்கும் வந்தார்.