பம்புக்காரர் எண்ணிய மூச்சு

பம்புக்காரரோடு பேசிய முதல் பேச்சு சின்ன டாக்டருக்கு இன்றும் வரி பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. அந்தக் கால்நடை மருத்துவமனையில் அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பெரிய டாக்டர் வெளியே போயிருந்தார். உள்ளே வந்தவர் ஒரு கித்தான் பையை மேசைமேல் வைத்தார். பைக்குள்ளிருந்து முதலில் ஒரு ஸ்பேனர் வந்தது. அப்புறம் ஒரு பூனையின் தலை வந்தது.

“உள்ள காத்து அடைச்சு ஏர் லாக்குன்னு நெனைக்கிறேன், டாக்டரம்மா.”

“எதுக்கு?”

“இதுக்குத்தான். தரையோட படுத்து, கழுத்த நீட்டி, கொக்கு கொக்குன்னு இருமுது. தண்ணி ஏறாத மோட்டார் இப்படித்தான் கத்தும்.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு மாசம் இருக்கும். முடிய முழுங்கியிருக்கும்னு வீட்டுக்காரி சொன்னா. முடின்னா வெளிய வரணுமில்ல? ஒண்ணும் வரல. அப்பப்ப சாப்பிட்டதக் கக்குது.”

“பேரு?”

“என் பேரா, அது பேரா?”

“பூனையோடது.”

“வாஷர். வாஷர் டப்பாக்குள்ளதான் குட்டியாக் கெடந்துச்சு.”

அவள் ஸ்டெதாஸ்கோப்பைப் பூனையின் நெஞ்சில் வைத்தாள். வாஷருக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று போலும், குர்ரென்று சுகமாக உறுமத் தொடங்கியது. அந்த உறுமலில் இதயமும் கேட்கவில்லை, நுரையீரலும் கேட்கவில்லை. அவள் எட்டிக் குழாயைத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் பூனை காதை விடைத்துக்கொண்டு அமைதியானது.

“இது என்னம்மா வைத்தியம்?”

“தண்ணிச் சத்தம் கேட்டா உறுமறத நிறுத்தும். அப்பதான் உள்ள கேக்கலாம்.”

கேட்டு முடித்துக் குழாயை மூடினாள். அது சொட்டியது. இன்னும் இறுக்கினாள். அப்போதும் சொட்டியது.

“நகருங்க,” என்றார் அவர். “நீங்க என் வாஷரப் பாருங்க. நான் உங்க வாஷரப் பாக்குறேன்.”

அவள் பூனையின் முன்காலிலிருந்து ரத்தம் எடுத்து முடிப்பதற்குள் குழாய் சரியாகிவிட்டது.

அவர் அப்படிப்பட்ட மனிதர். நாற்பத்தைந்து வயதில், அந்த வட்டாரத்தில் தண்ணீர் ஏறும் வீடுகளில் பாதி அவர் கைபட்டவை. சும்மா இருக்கும் கை அவருக்குக் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலியின் திருகாணியை இறுக்குவார். “கல்யாண வீட்டுக்குப் போனா எல்லாரும் மாப்பிள்ளையப் பாப்பாங்க, இவரு மாடித் தொட்டியப் பாப்பாரு,” என்பாள் அவர் மனைவி. கெட்டுப்போனது எதுவானாலும் கழற்று, துடை, மாட்டு. அதுதான் அவர் வேதம்.

அதனால்தான் அடுத்த வாரம் சின்ன டாக்டர் சொன்ன சேதி அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. எக்ஸ்ரேயில் நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் புடைத்திருந்தன. ஸ்கேனில் சமன்குறி போட்டதுபோல் இரண்டு சின்னக் கோடுகள் தெரிந்தன. இதயப்புழு.

“இதயத்துல புழுவா? எப்படி உள்ள போச்சு?”

“கொசு. இந்தப் புழு இருக்கற நாயக் கடிச்ச கொசு, அப்புறம் உங்க பூனையக் கடிச்சிருக்கும். அது வழியா குட்டிப்புழு உள்ள போயி, மாசக்கணக்கா வளர்ந்து, ரத்தக்குழாய்க்கு வந்துடும்.”

“எத்தனை இருக்கு?”

“ஒண்ணுதான் தெரியுது. அந்த ரெண்டு கோடும் ஒரே புழுவோட ரெண்டு ஓரம்.”

“ஒண்ணுதானா! நான் பயந்தே போயிட்டேன்.”

“அண்ணே, நாய்க்குன்னா முப்பது இருந்தும் நடமாடும். இதோட இதயம் சின்ன எலுமிச்சம்பழம் அளவு. புழு ஒரு சாண்.”

பம்புக்காரர் தன் கையை விரித்து ஒரு சாணைப் பார்த்தார். பிறகு பூனையைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். திருகாணியைத் தொடவில்லை.

அவள் ஒரு தாளை எடுத்து வரைந்து காட்டினாள். பூனைக்கும் நமக்கும் இதயம் ஒரே அமைப்புத்தான். நான்கு அறை. வலப்பக்கம் உடம்பிலிருந்து வரும் ரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளுகிறது. அங்கே காற்றைப் பிடித்துக்கொண்டு ரத்தம் இடப்பக்கம் திரும்புகிறது. இடப்பக்கம் அதை உடம்பு முழுக்க அனுப்புகிறது.

“ஒரே ஷாஃப்ட்டுல ரெண்டு பம்பு,” என்றார் அவர். “இது தள்ளுற டெலிவரிதான் அது உறிஞ்சற சக்‌ஷன். நடுவுல திரும்பி வராம இருக்க வால்வு. நிமிஷத்துக்கு எத்தனை அடி?”

“நமக்கு எழுபது, எண்பது. இதுக்கு நூத்தி எண்பது வரைக்கும் சாதாரணம்.”

“ஹைஸ்பீடு மோட்டாரு. சரி, கழட்டிக் குப்பைய எடுத்துட்டு மாட்டிடலாமே?”

“இந்தப் பம்ப நிறுத்த முடியாதுண்ணே. ஓடிக்கிட்டே இருக்கறப்ப கம்பி விட்டு எடுக்கறது பெரிய ஆஸ்பத்திரில ஒண்ணு ரெண்டு இடத்துல உண்டு. எடுக்கும்போது புழு அறுந்தா பூனை உசுரு அங்கேயே போயிடும்.”

“அப்ப மருந்து குடுத்துக் கொன்னுடுங்க.”

“நாய்க்குக் குடுக்கலாம். பூனைக்கு அந்த மருந்தே ஆபத்து. செத்த புழு துண்டு துண்டாப் போயி நுரையீரல அடைச்சுக்கும்.”

“அப்ப என்னதாம்மா செய்யறது?”

“வீக்கத்துக்கு மாத்திரை. புதுசாப் புழு வராம இருக்க மாசாமாசம் கழுத்துல ஒரு சொட்டு மருந்து. மத்தபடி காத்திருக்கணும். அந்தப் புழுவுக்கு ரெண்டு, மூணு வருஷம்தான் ஆயுசு. தானா சாகும். சாகற அன்னைக்குத்தான் ஆபத்து. அதத் தாண்டிட்டா வாஷர் பொழைச்சுக்கும்.”

வாழ்நாளில் முதல்முறையாகக் கழற்ற முடியாத ஒன்று அவர் கைக்கு வந்திருந்தது. அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. செய்வதற்கு ஒரு வேலை கொடுத்தாள்.

“தினம் சாயங்காலம், அது நல்லாத் தூங்கறப்ப, மூச்ச எண்ணுங்க. ஒரு நிமிஷம். முப்பதுக்குள்ள இருந்தா கவலையில்ல. அதத் தாண்டினா ஃபோன் பண்ணுங்க.”

இரண்டாம் நாள் காலை ஆஸ்பத்திரி திறக்குமுன் வாசலில் நின்றார். தலை கலைந்திருந்தது. பின்னாலேயே வந்த மனைவியின் காலில் ஜோடி மாறிய செருப்பு.

“அம்பத்திரெண்டு! நேத்தும் அம்பத்திரெண்டு. இன்னைக்கு விடிஞ்சதும் பாத்தேன், அம்பத்திரெண்டு!”

சின்ன டாக்டர் பதறிப்போய் ஆக்ஸிஜன் பெட்டியைத் திறந்தாள். கித்தான் பைக்குள் வாஷர் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். இருபத்தாறு.

“அண்ணே, எப்படி எண்ணுனீங்க?”

“எப்படின்னா? உள்ள போறது ஒண்ணு, வெளிய வர்றது ரெண்டு. எந்தப் பம்பா இருந்தாலும் ஏத்தம் ஒண்ணு, எறக்கம் ஒண்ணு.”

“ரெண்டும் சேந்துதாண்ணே ஒண்ணு.”

மனைவி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தாள். “ராத்திரி சோறு எறங்கல, டாக்டரம்மா, இந்த மனுஷனுக்கு. என்னையும் சாப்பிட விடல. பாதி மூச்சுக்கு இந்தப் பாடு!”

பெரிய டாக்டர் வந்து கேட்டுவிட்டு அவரும் சிரித்தார். பம்புக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. போகும்போது, “ரெண்டும் சேந்து ஒண்ணு,” என்று பாடம் படிப்பதுபோல் சொல்லிக்கொண்டே போனார்.

கொசு என்று அவள் சொன்னது அவரை உறுத்தியிருக்க வேண்டும். பழுது பார்த்த பம்புகளை ஓட்டிப் பார்க்க வீட்டு முற்றத்தில் நான்கு டிரம்மில் தண்ணீர் வைத்திருந்தார். வருஷக்கணக்காக மூடாத டிரம்கள். ஒருநாள் அந்தப் பக்கம் போன சின்ன டாக்டர் பார்த்தாள். நான்குக்கும் மூடி செய்து, ஓரத்தில் ரப்பர் வைத்து இறுக்கியிருந்தார். தண்ணீர் தேங்கிக் கிடந்த பழைய டயர் ஒன்றுகூட இல்லை. “எங்க வீட்டுக் கொசுதானோ என்னவோ,” என்றார் தலையைத் தூக்காமல். எந்த வீட்டுக் கொசு என்று யாராலும் சொல்ல முடியாது என்றாள் அவள். அவர் நாலாவது மூடியை இன்னொரு சுற்று இறுக்கினார்.

மாதத்துக்கு ஒருமுறை, மூச்சுக் கணக்கு எழுதிய நோட்டோடு வருவார். இருபத்து நான்கு, இருபத்தாறு, இருபத்து மூன்று. எண்ணுக்குப் பக்கத்தில் சில நாள் குறிப்பும் இருக்கும்: ‘கனவு கண்டது, மறுபடி எண்ணினேன்.’ கோடை போயிற்று, மழை போயிற்று, இன்னொரு கோடையும் போயிற்று.

இரண்டாம் வருஷம் ஒரு மதியம் ஃபோன் வந்தது. அவர் குரலில் பதற்றமே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“அம்பத்தெட்டு, டாக்டரம்மா. ரெண்டும் சேந்துதான் ஒண்ணு. ஈறு வெளுத்திருக்கு. வாயத் தொறந்து மூச்சு விடுது. கெளம்பிட்டோம்.”

அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அறுநூறு நாள் சரியாக எண்ணியவரிடம் கேட்க என்ன இருக்கிறது? அவர் வண்டியை நிறுத்துவதற்குள் ஆக்ஸிஜன் பெட்டி தயாராக இருந்தது, சிரிஞ்சில் மருந்து ஏறியிருந்தது. புழு செத்திருந்தது. மூன்று நாள் வாஷர் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. மூன்று நாளும் அவர் பெட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினார். ஐம்பது. நாற்பத்து நான்கு. முப்பத்தாறு. நாலாம் நாள் காலை பெட்டியைத் திறந்தபோது பூனை அவர் சட்டைப்பையிலிருந்த, குழாய் மரையில் சுற்றும் டேப்பை எடுத்துக் கடித்தது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே, “மூணு நாள் எந்த நட்டையும் தொடாம உட்கார்ந்திருந்தாரு. அதுக்காகவாவது இந்தப் பூனைக்குக் கோயில் கட்டணும்,” என்றாள்.

ஆறு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய்களின் புடைப்பு வடிந்திருந்தது. ஸ்கேனில் அந்தச் சமன்குறி இல்லை. சின்ன டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் நிறுத்தினாள். கழுத்துச் சொட்டு மருந்து மட்டும் தொடர வேண்டும் என்றாள். சீட்டில் அதை எழுதிக்கொண்டிருந்தபோது பம்புக்காரர் மேசைமேல் கொஞ்சம் குனிந்தார். பக்கத்திலிருந்த மனைவியின் காதில் விழாத குரலில் கேட்டார்.

“மாத்திரைய நிறுத்தியாச்சு, சரி. ஆனா ஒண்ணு. எண்ணறத மட்டும் நிறுத்தச் சொல்லிடாதீங்கம்மா. நாள் முழுக்க ஓடிட்டு, அந்த ஒரு நிமிஷம்தான் நான் சும்மா உட்கார்றேன். ‘தினம் எண்ணணும்’னு அந்தச் சீட்டுலயே எழுதிக் குடுத்துடுங்க.”