மன்னி பாடிய விடைகள்

ஒரு மணிக்கும் இரண்டரைக்கும் நடுவில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர் காலியாக இருக்கும். மயிலாப்பூரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. செருப்பை வாசலில் விட்டுக் கனத்த திரையை விலக்கினால் ஏசிக் குளிர் முகத்தில் அறையும். ஆறு மெஷின்கள். ஐந்தில் பச்சை எழுத்து, ஒன்றில் மட்டும் கலர். காலை பேட்ச் போய்ச் சாயந்திர பேட்ச் இன்னும் வராத அந்த ஒன்றரை மணி நேரம், வெயில் ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே வரலாமா என்று யோசிக்கும். கீழே யாரோ அண்டாவைத் தட்டித் தட்டி வாங்குவார்கள். அந்த நேரத்தைத்தான் நான் மன்னிக்குக் கொடுத்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. புரோகிராம் எழுதச் சொல்லித்தருவது என் வேலை. நானே கற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்பதை மாணவர்களிடம் சொன்னதில்லை. மன்னி என் அண்ணாவின் மனைவி. அபிராமபுரத்து வீட்டின் முன்னறையில், சாயந்திரங்களில் எட்டுப் பத்துக் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பாள். வங்கி கிளார்க் பரீட்சையை இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கொஞ்சத்தில் தவறவிட்டிருந்தாள். இது மூன்றாவது. அடுத்த அறிவிப்பு வரும்போது அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். ஆகவே இது கடைசி.

வேண்டாம் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மன்னி சண்டை போட்டிருப்பாள். “பாட்டு கிளாஸ்தான் இருக்கே” என்று எல்லோரும் அன்பாகச் சொன்னார்கள். அன்போடு எப்படிச் சண்டை போடுவது?

“எனக்குன்னு ஒரு மேஜை வேணும்டி,” என்று ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். “அதுல ஒரு டிராயர். அந்த டிராயருக்கு ஒரு சாவி. அவ்வளவுதான்.”

அன்று மத்தியானமே அவளுடைய கைடு புத்தகத்தை சென்டருக்கு எடுத்துப்போனேன். அவள் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்த நூறு கேள்விகளை மெஷினில் அடித்தேன். ஒரு வரியில் கேள்வி, அதன் கீழே நான்கு விடைகள், கடைசியில் சரியான விடையின் எண். ரபி பயிர் எது, எந்த வைட்டமின் குறைந்தால் ஈறில் ரத்தம் வரும், மங்கோலியாவின் தலைநகர் எது. கேள்வி திரையில் வரும். ஒன்றிலிருந்து நான்குக்குள் ஒரு கீயை அழுத்த வேண்டும். கடைசியில் மதிப்பெண். புத்தகத்தின் வரிசையிலேயே கேட்டால் மனப்பாடம் ஆகிவிடும் என்று, சீட்டுக்கட்டு போலக் கேள்விகளைக் கலைத்துக் கேட்கும்படி எழுதினேன். ஓட்டிப் பார்த்தேன். முதல் கேள்வியாக எழுபத்தொன்றாவது வந்தது. எனக்கு என் மேலேயே மரியாதை வந்துவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இருபத்திரண்டு வயதுக்கு நிறுத்தத் தெரியாது. மெஷினுக்குள் கொசு மாதிரி ஒரு ஸ்பீக்கர் உண்டு; எத்தனை அதிர்வு என்று எண் கொடுத்தால் அந்த ஸ்தாயியில் ரீங்கரிக்கும். மன்னிதான் பாடுகிறவள் ஆயிற்றே என்று நான்கு கீக்கும் நான்கு ஸ்வரம் வைத்தேன். ஒன்றை அழுத்தினால் ச, இரண்டு ரி, மூன்று க, நான்கு ம. தப்பான விடையை அழுத்தினால் அதன் ஸ்வரம் கேட்டபின் சரியானதன் ஸ்வரமும் ஒலிக்கும்.

முதல் நாள் மன்னி வந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சூடான தோசைக்கல்லைத் தொடுவது போல ஒரு கீயைத் தொட்டாள். ம என்றது மெஷின். சிரித்துவிட்டாள். அப்புறம் ரியை அழுத்திக் காதைச் சாய்த்தாள்.

“ரி சேரலையே. குழந்தைகளுக்கு முதல்ல சொல்லித்தரற ராகம்தானே இது? இன்னும் ஒரு நூல் ஏத்து.”

நானூற்றுப் பதினைந்தை நானூற்றுப் பதினெட்டாக்கினேன்.

“இப்ப சரி,” என்றாள். பரீட்சையை இருவருமே மறந்திருந்தோம்.

தினமும் வந்தாள். நான் பக்கத்து அறையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டு விடைத்தாள் திருத்துவேன். கனத்த திரைக்கு அந்தப் பக்கம் கொசு பாடிக்கொண்டிருக்கும். முதல் நாள் முப்பத்தெட்டு. ஒரு வாரத்தில் அறுபது. மூன்றாம் வாரம் தொண்ணூற்றாறு. நான்காம் வாரம் ஒரு வியாழக்கிழமை, திரையை விலக்கிக்கொண்டு வந்து என் டிபன் பாக்ஸிலிருந்து ஊறுகாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“நூறு,” என்றாள்.

சென்டர் முதலாளி அப்போதுதான் படியேறி வந்தார். தி.நகரில் வளர்ந்தவர்; எதையும் நடந்துகொண்டே பேசுவார். “இன்னாம்மா, நூத்துக்கு நூறா? நம்ம மிசின்லயா?” என்றார். “சும்மாவா இது? போர்டு வெச்சிரலாம்.” மறுநாளே வாசலில் போர்டு. வங்கித் தேர்வுக்குக் கம்ப்யூட்டர் மூலம் பயிற்சி, நூற்றுக்கு நூறு. சிவப்புப் பெயிண்ட்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மன்னி அடுக்களையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாய்க்குள் ஏதோ பாடினாள். ம ரி ரி ச, க ச ம க, ரி ரி ம ச. குழந்தைகளுக்கான புதுப் பாடம் போல இருந்தது. ஆனால் எந்தப் பாடமும் இப்படித் தாறுமாறாக ஏறி இறங்காது.

“என்ன மன்னி பாடறேள்?”

“தெரியலைடி. நாலு நாளா வாயில வந்துண்டே இருக்கு.”

எனக்கு அது தெரிந்த பாட்டு. எங்கே கேட்டேன் என்று காபியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். நாக்கில் தயிர்சாதத்தின் புளிப்பு வந்தது. தயிர்சாதத்தோடு கேட்ட பாட்டு. வெள்ளிக்கிழமை கேட்டது, வியாழன் கேட்டது, அதற்கு முந்தைய வாரமும் கேட்டது, ஒரு ஸ்வரம் மாறாமல். கேள்விகள் கலைந்து வருகின்றன என்றால் பாட்டும் தினம் மாற வேண்டாமா?

காபி ஆறிப்போனது. திங்கட்கிழமை மற்றவர்களுக்கு முன்னால் சென்டருக்குப் போய் மெஷினை இயக்கினேன். எழுபத்தொன்றாவது கேள்வி. அணைத்துவிட்டு மறுபடி இயக்கினேன். எழுபத்தொன்று. சீட்டைக் கலைக்கச் சொல்லியிருந்தேன், அதுவும் கலைத்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி கலைத்தது. கடிகாரத்தைப் பார்த்துக் கலை என்று ஒரு வரி சொல்ல வேண்டும். அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. மன்னி நான்கு வாரமாகப் படித்தது கேள்விகளை அல்ல, நூறு ஸ்வரம் நீளமுள்ள ஒரு மெட்டை. அதற்கு ஸ்ருதி சேர்த்துக் கொடுத்தவள் நான்.

அந்த வரியைச் சேர்த்தேன். மத்தியானம் மன்னி வந்து உட்கார்ந்தாள். அன்று நான் சாப்பிடாமல் அவள் பின்னால் நின்றேன். ஒரு மாதத்தில் முதல் தடவையாக நின்றேன். முதல் கேள்விக்கு அவள் விரல் தானாக நான்குக்குப் போனது. தப்பு. திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கடைசியில் நாற்பத்து மூன்று.

“வியாழக்கிழமை நூறு,” என்றாள் மெதுவாக. “இன்னிக்கு நாப்பத்திமூணு. நடுவுல நான் என்னத்தை மறந்தேன்?”

சொன்னேன். கலைப்பதைப் பற்றி, மெட்டைப் பற்றி. கேட்டுக்கொண்டாள். கோபப்பட்டிருந்தால் தேவலை.

“பரீட்சைக்கு அஞ்சு வாரம் இருக்கு, இல்லையா?” என்றாள். படியிறங்கிப் போனாள்.

இரண்டு நாள் வரவில்லை. வீட்டில் எனக்குக் காபி கொடுத்தாள், பேசவும் பேசினாள். எல்லாம் சாதாரணமாக இருந்ததுதான் தாங்க முடியவில்லை. முன்னறையில் குழந்தைகளுக்குப் பாட்டு நடந்தது. ஒரு குழந்தை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வழுக்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் திரை விலகியது.

“எழுந்து வா,” என்றாள் மன்னி. “உன் மெஷின் தப்பா சொல்லித்தரது. ஒரு குழந்தை வழுக்கினா, அங்கேயே நிறுத்திச் சரியானதைக் காதுல போட்டா, அப்போ வரும். நாளைக்குப் போயிடும். நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? வேற நாலு வரி பாடச் சொல்லுவேன். அது மறக்க ஆரம்பிக்கும் பாரு, அப்போ சட்டுனு பழைய வரியைக் கேப்பேன். திணறும். திணறித் தானா பிடிச்சுதுன்னா அப்புறம் போகாது. இதை உன் மெஷினால பண்ண முடியுமா?”

முடியும் என்றேன். முடியுமா என்று தெரியாது. சாயந்திர பேட்ச்சுக்குப் பழைய பாடத்தையே எழுதிப் பார்க்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தப்பான கேள்வியை ஒரு வரிசையில் நிறுத்திவைத்து, ஏழு கேள்வி தள்ளி மறுபடி அனுப்புவது. விடைகளின் இடத்தையும் மாற்றி மாற்றிப் போடுவது. அப்போது எழுதியதைப் போல அவ்வளவு கவனமாக நான் பின்னாளில் எதையும் எழுதவில்லை, இந்தப் பக்கங்கள் உட்பட.

மறுநாள் மன்னி இன்னும் இரண்டு திருத்தம் சொன்னாள். தப்பு செய்தால் ஆங்கிலத்தில் ‘WRONG’ என்று பெரிய எழுத்தில் வரும்படி வைத்திருந்தேன். “குழந்தைகிட்ட இப்படியா சொல்லுவா?” என்றாள். தமிழ் எழுத்து அந்த மெஷினுக்குத் தெரியாது. ஆகவே ‘INNORU THARAM’ என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். இன்னொரு தரம்.

இரண்டாவது திருத்தத்தைத் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “சத்தத்தை எடுத்துடு.”

எடுத்தேன். அதன் பிறகு அந்த ஒன்றரை மணி நேரத்தில் கீக்களின் டிக் டிக் மட்டும்.

ஐம்பத்தொன்று. நாற்பத்தொன்பது. அறுபது. சில நாள் இறங்கும். முன்பு மதிப்பெண்ணைச் சொன்னவள் இப்போது வேறு சொல்ல ஆரம்பித்தாள். “ரபின்னா குளிர்காலத்துல விதைக்கறதாம்டி, அப்போ கோதுமைதானே வரணும்?” என்று பஸ் ஸ்டாப்பில் கேட்பாள். பரீட்சைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை எண்பத்தெட்டு.

முதலாளி எட்டிப் பார்த்தார். “இன்னா மேடம், நூறு வர்லியே? போர்டு வேற வெச்சிட்டேனே.”

“எண்பத்தெட்டுன்னு மாத்தி எழுதிடுங்கோ, சார். இதுதான் நிஜம்.”

“எம்பத்தெட்டுக்கு எவன் வருவான்?” என்று தலையைச் சொறிந்தார். ஆனால் நூற்றுக்கு நூறை அழித்துவிட்டார். அந்த இடத்தில் எதுவும் எழுதவில்லை. போர்டில் ஒரு சிவப்புத் திட்டு மட்டும் இருந்தது.

பரீட்சை தி.நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில். ஞாயிற்றுக்கிழமை. எதிர்சாரி மர நிழலில் காத்திருந்தேன். மணி அடித்துக் கூட்டம் வழிந்து வந்தது. மன்னி கடைசியில் வந்தாள். விரலில் பென்சில் கரி.

“எப்படி மன்னி?”

“ஒரு கேள்வி தெரியலை. விழிச்சிண்டு உக்காந்திருந்தேன். காதுல ம-ன்னு கேட்டுது.”

“நாலைப் போட்டேளா?”

“போடலை. அப்படியே விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன்.” கைக்குட்டையால் விரலைத் துடைத்தாள். “பசிக்கறது. வா, இட்லி சாப்பிடலாம்.”

கடிதம் வர மாதங்களாயின. பிறகு நேர்முகம், பிறகு இன்னொரு கடிதம். அடையாறு கிளையில் சேரச் சொல்லி. அதைப் படித்த மத்தியானம் சென்டருக்கு வந்து, பழைய ஃப்ளாப்பியைப் போடு என்றாள், அந்தப் பாட்டு இருப்பதை. எழுபத்தொன்றாவது கேள்வி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்த ஆரம்பித்தாள். ம ரி ரி ச, க ச ம க. பதினைந்து, பதினாறு வரை தப்பில்லாமல் போனது. அப்புறம் விரல் கீக்களுக்கு மேலே நின்றுவிட்டது.

“போயிடுத்து,” என்றாள். கண்ணைத் திறந்து கேள்வியைப் படித்தாள். படித்து, விடையை அழுத்தினாள். மீதி எண்பத்துச் சொச்சத்தையும் ஒவ்வொன்றாகப் படித்தே முடித்தாள். அதுவரை பக்கத்திலிருந்து என்னை எழுந்திருக்க விடவில்லை.