மாஸ்டர் அண்ணாந்தால் சனம் படுக்கும்

மரியநாயகம் மாஸ்டர் போய்விட்டார். காலையில் கனடாவிலிருந்து அவருடைய மகள் போன் எடுத்துச் சொன்னாள்.

ஊர்காவற்றுறையில் ஒரே ஸ்கூலில் படிப்பித்தோம். கரம்பொன்னில் பக்கத்துப் பக்கத்து வளவு. மனுசனுக்கு ஒரு விசர்... பொழுதுபட்டதும் வானத்தில் ஊரும் சட்டலைட்டுகளைப் பார்ப்பது. எது எப்போது வரும் என்று லண்டன் சிநேகிதர் ஒருவர் பட்டியல் அனுப்புவார். யுத்தத்தில் கடிதம் நின்றது, இவர் நிற்கவில்லை.

பைனாகுலரோடு பிடிபட்டால் உயிர் மிஞ்சாத காலம். அதனால் வெறுங்கண்தான். சரியான நேரம் ரேடியோவில் கேட்கவேண்டும், பற்றரி கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து நான் பெடலைச் சுற்ற, டைனமோ கரண்டில் ரேடியோ பாடும். "கெதியாச் சுத்தும் ஐசே" என்று உயிரை வாங்குவார்.

ஒருநாள் பட்டியலில் இல்லாத ஒன்றைக் கண்டார். மினுங்கி, அணைந்து, மினுங்கிப் போனது. ஏதோ ராக்கெட்டின் உடைந்த துண்டு, உருண்டு போவதால்தான் அந்த மினுக்கமாம்.

"ஆற்றை சாமான், எந்த நாட்டுக்காரன்ரை எண்டு பிடிக்கவேணும். இன்னும் ஒருக்கா நேரம் குறிச்சுக் கண்டாப் போதும்."

மறுநாள் பொழுதுபட வரும், அதை விட்டால் பிறகு தெரியாது என்று கணக்குப் போட்டுச் சொன்னார். குழந்தைப்பிள்ளை மாதிரிச் சந்தோசம்.

மறுநாள் விடியவே ஷெல். ஊரே கிளம்பியது. பொழுதுபடும்போது மண்டைதீவு றோட்டில் நடந்துகொண்டிருந்தோம், இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மரம் இல்லை.

மாஸ்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். நின்று அண்ணாந்தார்.

ஐயோ... பின்னால் வந்த சனம் அவ்வளவும் குப்புறப் படுத்துவிட்டது. குண்டு போட வரும் பொம்மரைக் கண்டுதான் மேலே பார்க்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு தாய் பிள்ளைக்கு மேலே கவிழ்ந்து கிடந்தாள்.

ஒன்றுமில்லை, எழும்புங்கோ என்று கையெடுத்துக் கெஞ்சினார். அவர் தலை நிமிர்ந்து நின்ற நேரம் முழுக்க ஒருவரும் எழும்பவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். சனம் எழும்பி நடந்தது.

"நான் பார்த்தாச் சனம் படுக்குது... என்னெண்டு ஐசே பார்க்கிறது?"

யாழ்ப்பாணம் சேரும்வரை நிலத்தைப் பார்த்தபடியே வந்தார்.

போன கிழமையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகளிடம் கேட்டாராம், அன்றைக்குக் கண்ட துண்டை இன்டர்நெட்டில் பிடிக்கலாமோ என்று. அவள் என்னைக் கேட்டாள். தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன். ஒருமுறை கண்டதை வைத்து ஒன்றும் செய்ய ஏலாதாம். அதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்...

இன்று பொழுதுபட, கரம்பொன் றோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தேன். சனம் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. ஒருவரும் படுக்கவில்லை, மாஸ்டர்.

போயிட்டு வாங்கோ.