நைனா மடித்த குருத்தோலை

தவக்காலம் வருகிறதென்றால் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் முன்னதாகவே துறவு தொடங்கிவிடும். நாற்பது நாளைக்கு எதை விடப்போகிறோம் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி சிஸ்டரிடம் கொடுக்க வேண்டும். நாலாம் வகுப்பில் பாதிப் பேர் பாகற்காயை விட்டோம். பாகற்காயை ஆண்டவர் ஏற்க மாட்டார் என்று சிஸ்டர் சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த வருஷம் போன ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று கோவிலில் கொடுத்த ஓலையையும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார். அதை எரித்த சாம்பலைத்தான் தவக்காலத்தின் முதல் நாளான விபூதிப் புதனன்று சாமியார் நெற்றியில் பூசுவார். யாருடைய சாம்பல் சாயங்காலம் வரை கலையாமல் இருக்கிறது என்று எங்களுக்குள் பந்தயம் வேறு. ஓலை எரியும்போது நம் வேண்டுதலும் மேலே போகும் என்றார் சிஸ்டர்.

எனக்கு ஒரே வேண்டுதல்தான். நைனா திரும்பி வர வேண்டும்.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் லாரி டிரைவர். கும்மிடிப்பூண்டியில் லோடு ஏற்றி, எளாவூர் செக்போஸ்ட் தாண்டி கல்கத்தா வரை போவார். ஐப்பசி மழையில் போனவர் வரவில்லை. ஆந்திராவில் ஆற்று வெள்ளம் வடிந்தபின் லாரி கிடைத்தது, நைனா கிடைக்கவில்லை. இதெல்லாம் எனக்குப் பின்னாளில் தெரிந்தது. அப்போது அம்மா சொன்னது, "நைனா தூரமா லோடு ஏத்திக்கினு போயிருக்காரு" என்பதுதான். நாலு மாசமாக அது என்ன லோடு என்று கேட்கத் தோன்றும். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் விளையாடப் போய்விடுவேன்.

போன குருத்தோலை ஞாயிறன்று நைனா ஊரில் இருந்தார். பூசை முடிந்து லாரிக்கு அடியில் படுத்து ஏதோ முடுக்கிவிட்டு, வந்த கையோடு ஓலையை இரண்டு சிலுவையாக மடித்தார். ஒன்று லாரிக்கு, ஒன்று வீட்டுக்கு. வீட்டுச் சிலுவையின் நடுவில் அவர் கட்டைவிரலின் கிரீஸ் கருப்பாகப் பதிந்துவிட்டது.

"சாமிக்கு வெக்கிறதுல இன்னாத்துக்கு அழுக்குக் கைய வெச்ச?" என்று அம்மா கடிந்துகொண்டாள். நைனா சிரித்துக்கொண்டே அதை இயேசுவின் திருஇருதயப் படத்தின் பின்னால் செருகினார்.

மழைக்குப் பிறகு, ஜெபம் சொல்லும்போதெல்லாம் அம்மா அந்தச் சிலுவையைக் கையில் வைத்துக்கொள்வாள். அவள் கட்டைவிரல் அந்தக் கறையின் மேலேயே இருக்கும். அழுக்கு சாமி கண்ணில் படாமல் மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை அம்மா கிணற்றுக்குப் போன நேரம் பார்த்து ஓலையை எடுத்துப் பையில் வைத்தேன். கறையோடு கொடுக்க வெட்கமாக இருந்ததால் எச்சில் தொட்டுத் தேய்த்தும் பார்த்தேன். போகவில்லை. கோவிலுக்குப் பின்னால் ஒரு தகர டின்னில் எல்லாவற்றையும் போட்டு எரித்தார்கள். கிரீஸ் பட்ட என் சிலுவை மற்றவற்றைவிட வேகமாகப் பற்றிக்கொண்டது. வேண்டுதல் முதலில் போய்ச் சேர்ந்துவிடும் என்று எனக்கு ஒரே பெருமை.

சாயங்காலம் அம்மா படத்தின் பின்னால் கைவிட்டுத் துழாவினாள். படத்தையே கழற்றிக் கீழே வைத்தாள்.

"ஓலை எங்கடி?"

"ஸ்கூல்ல குடுத்துட்டேம்மா. நைனா வரணும்னு வேண்டிக்கினுதான் குடுத்தேன்."

அம்மா செருப்புகூடப் போடாமல் ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். சிஸ்டர் சாம்பலை மெல்லிய துணியில் சலித்து முடித்திருந்தார். அம்மா அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாப்பது நாள்ல புது ஓலை வந்துடும்மா" என்றார் சிஸ்டர்.

"ஆமா சிஸ்டர்" என்றாள் அம்மா.

அன்று அவள் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. உடம்புகூடக் கிடைக்காத மனுஷனிடமிருந்து அவளுக்கு மிஞ்சியது அந்த விரல் கறை ஒன்றுதான். அதைத்தான் நான் கொண்டுபோய்க் கொளுத்திவிட்டு வந்திருந்தேன். எனக்குச் சோறு போட்டுவிட்டு அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஒருசந்தி விரதம் நாளைக்குத்தானே என்று கேட்டேன்.

மறுநாள் பூசையில் சாமியார் கட்டைவிரலால் சாம்பலைத் தொட்டு என் நெற்றியில் சிலுவை போட்டார். நாம் மண், மண்ணுக்கே திரும்புவோம் என்று வரிசையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே வந்தவர், அம்மாவிடமும் அதையே சொன்னார். அவள் தலை நிமிரவில்லை.

வெளியே வந்ததும் அம்மா என்னை நிறுத்தினாள். குனிந்து, தன் கட்டைவிரலை என் நெற்றிச் சாம்பலின் மேல் வைத்தாள். வைத்த விரலை எடுக்கவே இல்லை.

"கலைஞ்சிடும்மா" என்று நான் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.